பிதாவின் பிரியம்

யோர்தான் நதியில் யோவானிடம் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறிய இயேசுவைக் குறித்து வானத்திலிருந்து ஒரு சத்தம் உண்டாகி, அவர் தமக்கு நேசகுமாரன் என்றும் அவரில் தாம் பிரியமாயிருப்பதாகவும் பிதாவானவர் அறிவித்ததை மத்தேயு, மாற்கு, லூக்கா மூவருமே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சத்தம் எப்பொழுது எழுந்தது என்பதைத்தான் நம்மில் பலர் கவனிப்பதில்லை. அதுவரை அவர் ஒரு குஷ்டரோகியைத் தொட்டுச் சுகப்படுத்தியதில்லை. மலைமேல் அமர்ந்து உபதேசித்ததில்லை. ஒரு சீஷனைக்கூட அழைத்ததில்லை. ஏறக்குறைய முப்பது வயதளவும் தச்சுத் தொழிலில் கழித்து, ஊரார் மெச்சத்தக்க சாதனை எதையும் காட்டியிராத ஒருவர்மீது அந்தப் பிரியம் பகிரங்கமாகச் சொல்லப்பட்டது. பிறகுதான் வனாந்தரமும் நாற்பது நாள் உபவாசமும். குமாரன் என்பது மெய்யானால் கல்லை அப்பமாக்கிக் காட்டட்டும் என்று அங்கே சோதனைக்காரன் கேட்டதன் உட்கிடை, மகத்துவத்தைச் செய்கையால் நிரூபித்தாக வேண்டும் என்பதே.

பெற்றோர் தரும் ஊக்கம் தேவனுடைய அங்கீகாரத்தின் சாயல் என்று பிரசங்க பீடங்களில் சொல்வது வழக்கம். எந்த ஊக்கம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பரீட்சையில் முதலாவதாகத் தேறிய பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு, தவறியவனைச் சாப்பாட்டு வேளையிலும் முகங்கொடுத்துப் பேசாத தகப்பனுடைய பாராட்டில், சற்றுக் கடுமையாகவே சொல்வதானால், யோர்தானின் தொனியைவிட வனாந்தரத்தின் தொனியே மிகுதி. பிள்ளைகள் மனந்தளர்ந்து போகாதபடி அவர்களுக்குக் கோபமூட்ட வேண்டாம் என்று பவுல் அப்போஸ்தலர் கொலோசெயருக்கு எழுதியபோது தகப்பன்மாரைக் குறித்தே எழுதினார் என்பது நினைக்கத்தக்கது.

மார்ட்டின் லூதரின் சரித்திரம் இவ்விஷயத்தில் மிகுந்த போதனையுள்ளது. மான்ஸ்ஃபெல்டில் சுரங்கத் தொழிலால் முன்னுக்கு வந்த அவருடைய தகப்பனார் ஹான்ஸ், மகனை வழக்கறிஞனாக்க விரும்பி எர்ஃபர்ட் சர்வகலாசாலைக்கு அனுப்பினார். மகன் பட்டம் பெற்றதும் அவரை மரியாதைப் பன்மையில் விளிக்கவும் தலைப்பட்டார். 1505இல் இடிமின்னலில் அகப்பட்டுப் பிரதிக்கினை செய்த மகன் துறவி மடம் புகுந்தார் என்ற செய்தி எட்டியவுடன், அந்தப் பன்மை பழையபடி 'நீ' என்று இறங்கிவிட்டது. 1507இல் மகன் நடத்திய முதல் பூசைக்கு இருபது குதிரைக்காரர்களோடு வந்து மடத்துக்குக் காணிக்கையும் அளித்தவர், விருந்தின் நடுவே, தாய் தகப்பனைக் கனம்பண்ண வேண்டுமென்ற கற்பனை என்னவாயிற்று என்று கேட்டார். தேவனே தகப்பன் வாயினால் பேசியதுபோல் அச்சொல் தைத்தது என்று, துறவற விரதங்களைப் பற்றிய நூலைத் தகப்பனாருக்கே சமர்ப்பித்து 1521இல் லூதர் எழுதினார். கிரியைகளினால் அல்ல, விசுவாசத்தினாலேயே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்று அவர் உலகறிய முழங்கியதற்கு இந்தத் தகப்பனாரே மூலகாரணம் என்று சில மனோதத்துவ ஆசிரியர்கள் கூறுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தோடு இரவுபகலாய்ப் போராடியவரின் உழைப்பை வீட்டு மனத்தாங்கலாகச் சுருக்குவது நியாயமன்று. ஆயினும், கிருபை என்னும் உபதேசத்தை அறிந்து பிரசங்கிப்பது ஒன்று, அதைத் தன் பிள்ளையிடம் நடத்திக் காட்டுவது வேறொன்று என்பதற்கும் அவரே சாட்சி.

1530இல் கோபுர்க் கோட்டையில் தங்கியிருந்தபோது தகப்பனார் காலமான செய்தி அவருக்கு வந்தது. சிருஷ்டிகர்த்தா தம்மை உருவாக்கிப் போஷித்தது அந்த மனிதரின் வியர்வையாலேயே என்று தம் தோழர் மெலாங்தனுக்குத் துக்கத்தோடு எழுதினார். சில நாட்களுக்குள், நான்கு வயது நிரம்பிய தம் மகன் ஹான்ஸுக்கு, பாட்டனாரின் பெயரையே தாங்கிய அந்தக் குழந்தைக்கு, ஒரு கடிதம் எழுதினார். அழகான தோட்டம் ஒன்றில் பிள்ளைகள் ஆப்பிள் பொறுக்குகிறார்கள். பொற்கடிவாளமிட்ட குட்டிக் குதிரைகளில் சவாரி செய்கிறார்கள். என் மகனும் வரலாமா என்று தோட்டக்காரரைக் கேட்டாராம். ஜெபம்பண்ணி, பாடம் படித்து, நல்ல பிள்ளையாய் இருந்தால் வரலாம் என்பது பதில். கிருபையின் பிரசங்கியே தம் மகனுக்கு நிபந்தனை வைத்துவிட்டார்! நாலு வயதுப் பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டிய தகப்பனுக்கு வேறு வழி தெரியவில்லை போலும். ஆனால் அக்கடிதத்திலேயே, வீட்டில் உடனிருந்த லேனே அத்தையையும் அவன் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று லூதர் கேட்க, அப்படியே ஆகட்டும் என்கிறார் தோட்டக்காரர். அத்தை ஜெபம்பண்ணுகிறாளா, படிக்கிறாளா என்று அவர் விசாரிக்கவே இல்லை.