வாடகை வாங்குபவர் மீதுள்ள அமானிதம்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு தீப்பற்றி எரிந்தது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு உங்களுக்கு எதிரி, உறங்கும் முன் அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் கட்டளையிட்டார்கள் (புகாரி). தடுப்பில்லாத மாடியில் உறங்குவதையும் எச்சரித்தார்கள் (அபூதாவூத்). உறங்குபவரின் உயிர்ப் பாதுகாப்பு நம் மார்க்கத்தில் சிறிய விஷயமல்ல.

2024 ஜூன் 12. ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாள்களே இருந்தன. குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் அதிகாலையில் தீ. குறைந்தது 45 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் நம் தமிழ்நாட்டவர். பலரைக் கொன்றது புகை. அந்தச் செய்தி கேட்டு நாம் அழுதோம், துஆ செய்தோம். இத்தனை பேரை ஒரே கட்டடத்தில் அடைத்தது யார் என்று கோபப்பட்டோம்.

அதே கேள்வியை நம்மிடமும் கேட்போம். வள்ளூர் அனல் மின் நிலையம், காமராஜர் துறைமுகம், எண்ணூர் தொழிற்சாலைகள் என்று நம் பகுதிக்குப் பிழைக்க வரும் பீகார், ஒடிசா, வங்காளப் பிள்ளைகளும் ஒரு தாயின் மக்கள்தானே? ஓர் அறையில் பத்துப் பேரைத் தங்கவைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் வீடு நம்மில் ஒருவருடையதாக இருந்தால், அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வோம்?

“அவர்கள் சம்மதித்துத்தானே இருக்கிறார்கள்?” என்பீர்கள். அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனத்தைப் பாருங்கள். தவறான வழியில் பிறர் பொருளை உண்ணாதீர்கள், மனம் ஒப்பிய வியாபாரமாக இருக்கட்டும் என்கிறான் இறைவன். அதே வசனத்தில் உயிரை மாய்ப்பதையும் தடுக்கிறான். வேறு போக்கிடம் இல்லாதவன் தலையாட்டுவது மனம் ஒப்பிய சம்மதமா?

இஜாரா எனும் வாடகை ஒப்பந்தத்தில் நீங்கள் விற்பது சுவரையல்ல, குடியிருக்கும் பயனை. ஒழுகும் கூரை, பழுதான வயரிங் ஆகியவற்றைச் சீர்செய்வது உரிமையாளர் பொறுப்பு. அவர் செய்யாவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு என்று ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள்.

அரசு விதிகளையும் வெறும் தொல்லையாகப் பார்க்காதீர்கள். பெண்கள் விடுதி நடத்த 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியரின் உரிமம் வேண்டும். கட்டட உறுதி, தீ பாதுகாப்பு, சுகாதாரம் எல்லாம் பார்த்துத்தான் அதைத் தருவார்கள். 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துப் பெண்கள் உயிரிழந்ததை மறந்துவிடாதீர்கள். வீட்டை வாடகைக்கு விடுபவருக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். தகராறு வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கக் கூடாது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதாவின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. உயிரைக் காக்கும் சட்டத்துக்குக் கட்டுப்படுவதும் நன்மையே.

ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். வாடகைக்கு விட்ட அறையில் எத்தனை பேர் உறங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். இரவில் தீப்பிடித்தால் அவர்கள் வெளியேற வழி இருக்கிறதா, அந்த வழியில் பூட்டுத் தொங்குகிறதா என்று பாருங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து வயரிங்கைச் சோதியுங்கள். ஆள் குறைந்தால் வருமானம் குறையும்தான். ரிஸ்க் தருபவன் அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் கூரையின் கீழ் உறங்குவோரை அமானிதமாகக் காக்கும் தவ்ஃபீக்கைத் தருவாயாக. மங்காஃபிலும் மதுரையிலும் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கு ஆறுதல் தருவாயாக. எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி வைப்பாயாக. ஆமீன்.