அறிவித்தலோடு அறம் முடிகின்றதா?

ஒருவருக்கு வரக்கூடிய நோயை முன்கூட்டியே அறிவித்தல் நற்செயல் என்பதை எவரும் மறுக்கார். ஆயின், அறிவித்தவருக்கு அதற்கு அப்பாலும் கடமை உண்டா என்பது ஆழ்ந்து நோக்கத்தக்க அறவியல் வினாவாகும். ஐக்கிய அமெரிக்காவில், மெக்சிக்கோ முதலிய லத்தீன் அமெரிக்க நாடுகளை வேராகக் கொண்ட ஹிஸ்பானியக் குடும்பங்களிடையே நடைபெறும் புற்றுநோய்த் தடுப்புப் பணி இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஹிஸ்பானியரல்லாத வெள்ளையினப் பெண்களைவிட இப்பெண்களிடையே கூடுதலாகக் காணப்படுகின்றது. இந்நோய் மெல்ல வளர்வது. பாப் பரிசோதனையின் மூலம் கலங்களின் மாற்றத்தைக் கண்டறிந்து, அது புற்றாகுமுன் அகற்றிவிடலாம். 2006இல் அங்கு அனுமதிக்கப்பட்ட எச்.பி.வி. தடுப்பூசி நோய்க்கு ஏதுவான முக்கிய வைரசு வகைகளையே தடுக்கவல்லது. எனவே இந்நோயால் நிகழும் மரணங்கள் பலவற்றை இயற்கையின் மீது சுமத்திவிட முடியாது.

இப்பணியில் முன்நிற்போர் ‘புரொமொத்தோரா’ எனப்படும் பெண்கள். வைத்தியப் பட்டம் பெறாத இவர்கள் அதே அயலில் வாழ்பவர்கள்; வீடுகளிலும் தேவாலய மண்டபங்களிலும் ஸ்பானிய மொழியிற் பேசி, தாயையும் மகளையும் ஒருங்கே பரிசோதனைக்கு அழைப்பவர்கள். துண்டுப்பிரசுரம் சாதிக்காததை இவர்கள் சாதிப்பதற்குக் காரணம் அயலவர் இவர்கள்மீது கொண்ட நம்பிக்கையே.

அந்நம்பிக்கைக்கு அரசு அளித்த பதில் யாது? வசதி குறைந்த பெண்களுக்கு மார்பு, கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனைகளை வழங்க அமெரிக்க காங்கிரஸ் 1990இல் சட்டம் இயற்றியது. ஆனால் அந்நிதி சிகிச்சைக்கு உரியதன்று. கண்டறியப்பட்டோரின் சிகிச்சைச் செலவை மெடிக்கெய்ட் திட்டத்தில் ஏற்க மாநிலங்களுக்கு வழி திறந்தது 2000ஆம் ஆண்டுச் சட்டமே. இடைப்பட்ட 1996இல் வந்த மற்றொரு சட்டமோ, புதிதாகக் குடியேறிய பலரை அத்திட்டத்துக்காக ஐந்தாண்டுகள் காத்திருக்கச் செய்தது. ஆவணமற்றோருக்கு அதன்வழிக் கிட்டியது அவசர சிகிச்சை மட்டுமே.

பரிசோதனைக்கு வராத பெண்களை விதியை நம்புவோர் எனச் சிலர் விளக்குவர். இவ்விளக்கம் அரைகுறையானது. காப்புறுதியின்றி, ஒருநாள் வேலையை விட்டால் கூலியிழப்பவள், ‘அறிந்து என்ன பயன்?’ என்று கேட்பது மூடநம்பிக்கையன்று. தன் நிலைமையை அவள் சரியாகவே கணித்திருக்கின்றாள். அவளது மனத்தை மாற்ற முனைவோர் அந்நிலைமையை மாற்றாதுவிடின், சமூகத்தின் குறையைப் பண்பாட்டின் குறையாக்கியவராவர்.

அவ்வாறாயின் சிகிச்சை உறுதியாகும்வரை வாய்மூடியிருத்தல் தகுமா? தகாது. மௌனம் காக்கத்தக்க உயிர்களையும் இழக்கச் செய்யும், அநீதியையும் மறைத்துவிடும். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என நான்கு கூறுகளை உடையது மருத்துவம் என்பார் வள்ளுவர். நோயுற்றவரை மட்டும் தேடிக் கண்டுபிடித்து ஏனைய மூன்றையும் அவரே தேடிக்கொள்ளட்டும் என விடுவது மருத்துவமாகாது. உலக சுகாதார நிறுவனம் 1968இல் வெளியிட்ட பரிசோதனை நெறிகளும், நோயை நிர்ணயிக்கவும் சிகிச்சை அளிக்கவும் வசதிகள் இருத்தல் வேண்டுமென வலியுறுத்தின.

எனவே, ‘வந்து பரிசோதித்துக்கொள்’ என்னும் அழைப்பு வெறும் தகவலன்று. அது ஒரு வாக்குறுதி. அதனைக் கதவு கதவாகச் சென்று கூறுபவள் புரொமொத்தோரா ஆயினும், நிறைவேற்றும் கடன் அவளை அனுப்பிய அரசுக்கும் நிறுவனங்களுக்கும் உரியது. அக்கடன் தீராதவரை, அவள் தன் அயலவரிடம் ஈட்டிய நம்பிக்கையைப் பிறர் செலவிடுகின்றனர் என்றே கொள்ளல் வேண்டும்.