அச்சமூட்டும் செய்தியும் முஃமினின் கடமையும்

 



திருமறையின் நிஸா அத்தியாயம், 83ஆவது வசனத்தில் வல்ல நாயன் ஒரு கூட்டத்தாரைக் கடிந்துரைக்கிறான். அவர்கள் செய்த குற்றம் யாது? அச்சத்தைப் பற்றியோ பாதுகாப்பைப் பற்றியோ ஒரு செய்தி காதில் விழுந்த மாத்திரத்தில் அதனை ஊரெல்லாம் பரப்பி விட்டார்கள். இறைத்தூதரிடமும் பொறுப்பிலுள்ளவர்களிடமும் அதனைக் கொண்டு சென்றிருந்தால், ஆராய்ந்து உண்மையை வெளிக்கொணரும் ஆற்றலுடையவர்கள் அதனை அறிந்திருப்பார்கள் என்பதே அவ்வசனத்தின் கருத்து.

ஆக, ஒரு பயச்செய்தி வந்தால் அதை வாயிடம் கொடுக்கக் கூடாது. அறிந்தவரிடம் கொடுக்க வேண்டும் என்பது மார்க்கம் நமக்குக் கற்பித்த ஒழுக்கம். இன்று வாய்க்குக்கூட வேலையில்லை. விரல் நுனியால் ஒரு முறை தொட்டால் போதும். கொமரலிங்கத்தில் ஒருவர் படித்த செய்தி, சுபுஹுத் தொழுகை முடிவதற்குள் உடுமலையையும் பழநியையும் தாண்டிவிடுகிறது. 'பிறர் நன்மைக்காகத்தானே அனுப்பினோம்' என்கிறார்கள். எண்ணம் நல்லதாக இருக்கலாம். ஆனால் கேட்டதையெல்லாம் அப்படியே எடுத்துச் சொல்வதே ஒரு மனிதனைப் பொய்யனாக்கப் போதுமானது என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நாம் மறந்துவிடலாகாது.

2020ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களை நினைத்துப் பாருங்கள். கொரோனா நோய் கோழி இறைச்சியால் பரவுகிறது என்று ஒரு செய்தி கிளம்பிற்று. அந்நோய் மனிதரின் மூச்சுக்காற்றிலும், இருமல் தும்மலிலும் மனிதருக்குப் பரவுவது. கோழிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அரசும் கால்நடைத் துறையும் அறிவித்தும் மக்கள் செவி சாய்க்கவில்லை. அதே மார்ச் மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டில் பறவைக் காய்ச்சல் கண்டு, அங்குள்ள பறவைகளை அழித்தார்கள். இது உண்மைச் செய்தி. பொய்யோடு இந்த உண்மையும் கலந்தபோது, பொய்க்கு இறக்கை முளைத்தது. பறவைக் காய்ச்சல் கிருமிகூட, இறைச்சியின் உட்பகுதி வரை 70 பாகை வெப்பத்தில் நன்கு வெந்தால் மாண்டுவிடும் என்பதைச் சொல்வார் சிலர், கேட்பார் எவருமில்லை.

விளைவு என்ன? நம் மாவட்டத்துப் பல்லடம், கறிக்கோழித் தொழிலுக்கு நாடெங்கும் பெயர் பெற்ற இடம். அங்கும் சுற்றுவட்டாரத்திலும் வளர்ந்த கோழிகள், தீவனச் செலவுக்கும் கட்டாத விலைக்குப் போயின. கொட்டகை போட்டு வளர்த்த விவசாயி நொந்தார். தெருமுனையில் கோழிக்கடை வைத்து அன்றன்றைய வருமானத்தில் குடும்பம் நடத்தும் நம் சகோதரர்கள் கடையைச் சாத்தினார்கள். ஊரடங்கு வந்தது மார்ச் 25ஆம் தேதி; அவர்கள் வீட்டு அடுப்பு அதற்கு முன்பே அணைந்துவிட்டது. அந்தக் குடும்பங்களின் ரிஸ்கில் கை வைத்தது கிருமியல்ல. விசாரிக்காமல் அனுப்பிய நம்மவர் விரல்கள்!

அச்சமயம் பலரும் ஆலிம்களிடம் எழுப்பிய கேள்வி, 'பிராய்லர் கோழி ஹலாலா, ஹராமா?' என்பது. ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்ற பேச்சு அதற்கு முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. சட்டத்தைச் சொல்கிறோம், கவனியுங்கள். கோழி ஹலாலான பிராணி. முறைப்படி பிஸ்மில்லாஹ் சொல்லி, அறுக்கப்பட வேண்டிய குழாய்களும் நரம்புகளும் அறுபட்டால் அதன் இறைச்சி ஹலால். இது உறுதியானது. உறுதியானதைச் சந்தேகம் நீக்காது என்பது நம் ஃபுகஹாக்கள் வகுத்த அடிப்படை விதி. அல்லாஹ் ஹலாலாக்கியதைச் செவிவழிச் செய்தியால் ஹராம் என்று கூறுவது, அவன் மீது பொய்யுரைப்பதாகும் என்பதை நஹ்ல் அத்தியாயம் 116ஆவது வசனம் உணர்த்துகிறது. நாற்பது நாட்களில் அக்கோழி பெருப்பது, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனத்தாலும் தீவனத்தாலுமே.

அப்படியானால் அக்கோழியைப் பற்றி அக்கறை கொள்ள எதுவுமே இல்லையா? உண்டு! அசுத்தத்தைத் தின்று திரியும் பிராணிக்கு 'ஜல்லாலா' என்று பெயர். அதன் இறைச்சியை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கோழியாயின் மூன்று நாள் அடைத்து வைத்து, சுத்தமான தீனி கொடுத்த பின் அறுப்பது முறை என்று ஃபுகஹாக்கள் எழுதினார்கள். பிராணி தின்றது மனிதனின் உடலுக்கு வந்து சேரும் என்ற கவனம் ஷரீஅத்தில் அன்றே இருந்தது! இன்றைய மருத்துவர்களும் இதனையொத்த ஒன்றையே கூறுகிறார்கள்: கோழிக்கு மருந்து கொடுத்தால், குறிப்பிட்ட நாட்கள் கழியாமல் அதை இறைச்சிக்கு விற்கக் கூடாது. 'கோலிஸ்டின்' என்ற மருந்தை உணவுப் பிராணிகளுக்குக் கொடுப்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. மற்ற மருந்துகள் பலிக்காத நோயாளிக்குக் கடைசிப் புகலாகக் கொடுக்கப்படுவது அது. கோழிக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்துக்கொண்டே இருந்தால், கிருமிகள் அதற்கும் அடங்காதவையாகிவிடும். பாருங்கள்! இல்லாத ஊசிக்கு அஞ்சியவர்கள், இருக்கின்ற இந்தக் கேட்டைக் கேட்டறியவேயில்லை.

கோழி விஷயத்தில் இழந்தது பணம். குழந்தைகள் விஷயத்தில் இழப்பது வேறு. 2017 பிப்ரவரியில், 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா நோய்களைத் தடுக்கும் ஊசி போடும் முகாம் தமிழகத்தில் தொடங்கிற்று. உடனே அவ்வூசி குழந்தைகளுக்குத் தீங்கு என்று கைபேசிகளில் செய்திகள் பறந்தன. பள்ளிக்கு அனுப்பாமல் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திய பெற்றோர்களும் இருந்தார்கள். முகாமின் காலத்தையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. தட்டம்மை கண்ட ஒரு குழந்தை, தடுப்பூசி போடாத பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அதைக் கொடுக்கும் என்பது மருத்துவர் கணக்கு. கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா கண்டால், பிறக்கும் சிசு காது கேளாமலும், கண்ணொளியின்றியும், இதயக் குறையோடும் பிறக்கக்கூடும். அந்தச் சிசுவுக்கு, செய்தியை அனுப்பியவர் என்ன பதில் சொல்வார்?

'அதில் ஹராமான பொருள் சேர்ந்திருக்கிறதே' என்று ஐயுற்றவர்களும் உண்டு. ஐயம் கொள்வது தவறல்ல. ஐயத்தை எங்கே கொண்டு போனார்கள் என்பதே கேள்வி. இந்தோனேசியாவின் உலமா சபை 2018இல் இதே ஐயத்தை எடுத்து ஆராய்ந்தது. நம் நாட்டில் தயாராகி அங்கே சென்ற தடுப்பூசியின் தயாரிப்பில் பன்றியிலிருந்து பெற்ற பொருள் பயன்பட்டதை மறைக்காமல் கூறிற்று. ஆயினும் மாற்று இல்லாத நிர்ப்பந்தத்தையும், போடாவிடில் நேரும் ஆபத்தையும் நிபுணர்களிடம் கேட்டறிந்து, போட்டுக்கொள்ள அனுமதித்தது. அறிந்தவரிடம் கொண்டு செல்வது என்பது இதுதான்.

சகோதரர்களே! வதந்தியின் கசப்பு நமக்குத் தெரியாததல்ல. 2020 மார்ச் இறுதியில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸ் செய்தி வெளியானதும், நோயைப் பரப்புகிறவர்களே முஸ்லிம்கள்தாம் என்று நாடெங்கும் பேசினார்கள். தள்ளுவண்டியில் காய்கறி விற்றவர்களைக்கூடத் தெருவுக்குள் விட மறுத்த இடங்கள் உண்டு. அவ்வாண்டு ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீது போடப்பட்ட வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தோன்றுகிறது என்று கருத்துரைத்தது. விசாரிக்காத செய்தி ஒரு சமுதாயத்தை என்ன பாடு படுத்தும் என்பதை அனுபவித்த நாம், அதே வேலையை இன்னொருவருக்குச் செய்யலாமா?

இதனைக் கூறும்போது, 'எல்லாம் நஸீப். எதற்கும் அஞ்ச வேண்டாம்' என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு 'ஸர்க்' என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அன்ஸாரிகளை அழைத்துக் கேட்டார்கள். குறைஷிப் பெரியவர்களையும் கேட்டார்கள். பிறகே திரும்பிவிட முடிவு செய்தார்கள். 'அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா?' என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் விடையளித்தார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, கொள்ளை நோயுள்ள ஊருக்குள் செல்லவும் வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்தால் தப்பியோடவும் வேண்டாம் என்ற நபிமொழியை அறிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்தவர்களாகத் திரும்பினார்கள்.

இந்த வரலாற்றில் இரண்டு பாடங்கள் உண்டு. தெரியும் வரை விசாரித்தார்கள். தெரிந்த பின் தயங்காமல் நடந்தார்கள். நம்மிடையே இரண்டும் தலைகீழாகிக் கிடக்கின்றன. தெரியாததற்கு நடுங்குகிறோம், தெரிந்ததை அலட்சியம் செய்கிறோம்!

பீடியும் சிகரெட்டும் புகையிலையும் கொல்லும் என்பதில் இனி எவருக்கு ஐயம்? நம் நாட்டில் ஆண்டுதோறும் பதின்மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் புகையிலையால் மாள்கிறார்கள். அதன் தீங்கு தெளிவாகாத காலத்தில் முன்னோர்களான உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. தெளிவான பின், உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்துடைய பகரா அத்தியாயத்து 195ஆவது வசனத்தின் முன் என்ன சாக்கு நிற்கும்? ஆயினும் கோழிக்கறியை ஒதுக்கிய அதே கை, பள்ளிவாசல் வாசலிலேயே பீடியைப் பற்ற வைக்கிறது.

நம் பகுதியில் எத்தனையோ பேர் நூல் மில்லில் வேலை செய்கிறார்கள். வார விடுமுறை கழிந்து வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சு இறுகி மூச்சு முட்டுகிறதா? அது பஞ்சுத் தூசியால் வரும் நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். புகைப்பவருக்கு அது மேலும் கடுமையாகும். இதற்கு முகக்கவசம் கேட்டுப் பெறவும் மருத்துவரிடம் காட்டவும் வெட்கப்படுகிறார்கள். திருப்பூரில் சாயநீர் நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்கென்று கட்டிய அணையின் நீரே பயிருக்கு ஆகாமற் போனது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தே நடந்தது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் நிலை வரும் வரை அது நீடித்தது. தானும் தீங்குக்கு ஆளாகாதே, பிறருக்கும் தீங்கு செய்யாதே என்பது நாயகம் (ஸல்) அவர்கள் தந்த அடிப்படை. அமராவதிக் கரையில் வாழும் நாம் இதனை மறக்கலாகாது.

ஆகவே அருமைச் சகோதர சகோதரிகளே! பயச்செய்தி ஒன்று கைபேசிக்கு வந்தால் முதலில் நிறுத்துங்கள். உடலைப் பற்றியதாயின் அரசு சுகாதார நிலைய மருத்துவரிடமும், ஹலால் ஹராமைப் பற்றியதாயின் ஆலிமிடமும் கேளுங்கள். தீங்கு உறுதியானால் அன்றே விலகுங்கள். பொய்யென்று தெரிந்தால் உங்களோடு அதைப் புதைத்து விடுங்கள். முன்பே அனுப்பிவிட்டவர்கள், அனுப்பிய அத்தனை பேருக்கும் உண்மையை அனுப்புங்கள். அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்ட பாவத்துக்கு நாவளவில் தவ்பா மட்டும் போதாது. கெடுத்ததைச் சரி செய்வதும் அதில் அடங்கும்.

செவியும் பார்வையும் உள்ளமும் கேள்விக்குள்ளாகும் என்று இஸ்ரா அத்தியாயம் 36ஆவது வசனம் எச்சரிக்கிறது. அந்நாளில் விரலும் சாட்சி சொல்லும். அறியாததை விசாரிக்கும் பொறுமையையும், அறிந்ததன்படி நடக்கும் துணிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.