இடம் கிடைத்தபின் செய்யும் ஷுக்ரு



நம் சிங்கப்பூரில் 2016ஆம் ஆண்டு முதல், பாலிடெக்னிக்குகளில் முன்கூட்டியே இடம் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று இருந்து வருகிறது. ஈ.ஏ.ஈ. என்பது அதன் பெயர். இறுதித் தேர்வு முடிவு வருமுன்பே, பிள்ளையின் ஆர்வத்தையும் திறமையையும் பார்த்து இடம் ஒதுக்குகிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் இது கிடைக்கிறது, அல்ஹம்து லில்லாஹ்!

ஆனால், இடம் உறுதி என்ற செய்தி வந்த மறுநாளே புத்தகம் மூடப்படுவதும் உண்டு. "அதுதான் இடம் கிடைத்துவிட்டதே, வாப்பா!" என்கிறான் பிள்ளை. பெற்றோரும் மகிழ்ச்சியில் பேசாதிருந்து விடுகின்றனர்.

அந்த இடம் நிபந்தனையோடு கூடியது. ஓ லெவல் எழுதுவோருக்கு ஆங்கிலம் உள்ளிட்ட ஐந்து பாடங்களின் நிகரப் புள்ளி 26க்கு மேற்படலாகாது. சேரும் படிப்புக்குரிய குறைந்தபட்சத் தகுதியும் வேண்டும். தவறினால் இடம் கைநழுவிப் போகும். முன்பணம் வாங்கியதும் வியாபாரம் முடிந்துவிடுமா? சொன்ன தரத்தில் சரக்கை ஒப்படைக்க வேண்டாமா?

எனினும், பயங்காட்டி மட்டும் பிள்ளையைப் படிக்க வைக்க இயலாது. கெட்டிக்காரப் பிள்ளை, 26க்குள் வந்தால் போதுமென்று கணக்குப் போட்டு அங்கேயே நின்றுவிடுவான். ஆகவே பயத்தினும் உயர்ந்த காரணம் ஒன்றை நாம் காட்ட வேண்டும்.

நம் நாயகம் (ஸல்) அவர்கள் கால்கள் வீங்கும்வரை இரவில் நின்று வணங்கினார்கள். மன்னிப்பு முன்னரே வாக்களிக்கப்பட்டிருக்க, இத்தனை சிரமம் ஏனென்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வினவினார்கள். நன்றியுள்ள அடியானாக இருக்க வேண்டாமா என்பதே நாயகத்தின் கருத்தாக இருந்தது. கிடைக்குமோ என்ற அச்சத்தால் உழைப்பது ஒன்று. கிடைத்ததற்கு நன்றியாக உழைப்பது வேறு. பின்னதே ஷுக்ரு.

மாணவனின் ஷுக்ரு எப்படியிருக்கும்? பொறியியலுக்குப் போகிறவனிடம், "தேர்வுக்குப் படி" என்று மட்டும் சொல்லாமல், இன்றைய கணக்கும் பௌதிகமும் அங்கே எங்கெங்கே வேண்டியிருக்கும் என்று அவனையே விசாரித்துவரச் சொல்வோம். மஃரிபுக்குப் பின் இஷாவரை, தம்பி தங்கையருக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கச் செய்வோம். சொல்லிக்கொடுப்பவனுக்குப் பாடம் மறவாது. இடம் கிடைக்காத வகுப்புத் தோழன் அருகே வீணாய்ப் பொழுது போக்காமல், அவனோடு உட்கார்ந்து படிக்கச் சொல்வோம். பந்துவிளையாட்டையும் உறக்கத்தையும் பறிக்க வேண்டாம். சுபுஹுக்கு எழும் வழக்கம் மட்டும் தவற வேண்டாம்.

பெற்றோரே! இடம் கிடைத்த அன்று விருந்து வைப்பது நன்று. மறுநாளும் அவனருகே அமர்ந்து, இன்று என்ன படித்தாய் என்று அன்போடு கேட்பது அதனினும் நன்று.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் தொடங்கிய நற்காரியங்களை நல்லவிதமாய் முடித்துவைப்பானாக! ஆமீன்.