திங்கட்கிழமை இரவின் மெய்யும் பொய்யும்

1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் சனிக்கிழமை காலை என்றால் தொலைக்காட்சியில் மல்யுத்தம்தான். சேனல் 5 ஸ்டூடியோவிலிருந்து ஒன்றரை மணி நேர நேரலை. வர்ணனை லான்ஸ் ரசல். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டேவ் பிரவுன், அதே சேனலில் வானிலை அறிக்கை சொல்பவர். நாளைக்கு மழை வருமா என்று சொல்கிற மனிதரே, இன்னார் இன்னாரை முதுகில் குத்திவிட்டார் என்று பதறும்போது நம்பாமல் என்ன செய்வார்கள்? சண்டை ஸ்டூடியோவில் மூளும், தீராது. தீர்வு வேண்டுமென்றால் திங்கட்கிழமை இரவு டிக்கெட் எடுத்துக்கொண்டு மிட்-சவுத் கோலிசியத்துக்கு வர வேண்டும். சுமார் 11,000 பேர் கொள்ளும் அந்த அரங்கம் பல திங்கட்கிழமைகளில் நிரம்பி வழிந்தது. செவ்வாய்க்கிழமை அதே ஆட்கள் லூயிவில் நகரில், புதன்கிழமை எவன்ஸ்வில்லில், அதே பகையை அதே ஆவேசத்துடன் மறுபடி ஆடினார்கள்.

மெம்ஃபிஸ் இப்படிப்பட்ட பல வட்டாரங்களில் ஒன்று. 1948-இல் அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் சில மல்யுத்த ஏற்பாட்டாளர்கள் கூடி நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவர் வட்டாரத்தில் இன்னொருவர் தலையிடக் கூடாது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித் தொலைக்காட்சி, தனி நாயகன், தனி வில்லன். யார் ஜெயிப்பது என்பது ஆட்டத்துக்கு முன்பே முடிவாகிவிடும். இந்த ஒரு விஷயம் மட்டும் வெளியே கசியக் கூடாது. தொழிலுக்குள் இதற்குக் கேஃபேப் என்று பெயர். நாயகனும் வில்லனும் ஒரே காரில் போகக் கூடாது, ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. உடை மாற்றும் அறைகள்கூடத் தனித்தனி.

மல்யுத்த வீரர்கள் தாரா சிங்கும் கிங்காங்கும் மோதியதைப் பார்த்த நம் ஊர்ப் பெரியவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டார்கள்: நிஜமா, செட்டப்பா? அந்தக் கேள்விக்குப் பதில் எப்போதோ தெரிந்துவிட்டது. அதற்கு அடுத்த கேள்விதான் கடினமானது. முன்கூட்டியே தீர்மானித்த ஒரு சண்டையை உண்மைபோல ஆடிக் காட்டுவது பொய் சொல்வதாகுமா? ஆகும் என்றால், அந்தப் பொய்க்கு யார் விலை கொடுத்தார்கள்?

பொய்யைப் பற்றி மிகக் கறாராக யோசித்தவர்களில் ஒருவர் புனித அகுஸ்தீன். கி.பி. 354-இல் வட ஆப்பிரிக்காவில் பிறந்தவர். கிறிஸ்தவத்துக்குத் திரும்பிய புதிதில், தன் அறிவோடு தானே உரையாடுவதுபோல ‘தன்னுரைகள்’ என்ற நூலை எழுதினார். அதில் ரோஷியஸ் என்ற புகழ்பெற்ற ரோமானிய நடிகரைப் பற்றி ஒரு வாதம் வருகிறது. மேடையில் ஹெக்குபா அரசியாக வேடமிட்ட ரோஷியஸ் பொய்யான ஹெக்குபா. ஆனால் மெய்யான நடிகர். பொய்யான ஹெக்குபாவாக இருக்க அவர் மறுத்திருந்தால் மெய்யான நடிகராகவும் இருந்திருக்க முடியாது. அகுஸ்தீனுக்கு இதில் முழு நிம்மதி கிடைக்கவில்லை. மெய்யாக இருப்பதற்கே பொய்யாக இருக்க வேண்டிய நிலை அவரை உறுத்தியது. ஆனாலும் நடிகனையும் ஏமாற்றுக்காரனையும் அவர் ஒரே தட்டில் வைக்கவில்லை. பிற்பாடு பொய்யைப் பற்றித் தனி நூலே எழுதியபோதும் வேடிக்கைப் பேச்சைப் பொய்யின் கணக்கில் சேர்க்கவில்லை. அதன் தொனியே அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் பொய்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மெம்ஃபிஸ் வட்டார மேடைகளில் நடந்தது பெரும்பாலும் தப்பித்துவிடும். 1979-இல் மிசிசிப்பியின் டூபெலோ ஊரில் நடந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஜெர்ரி லாலரும் பில் டண்டியும் ஒரு பக்கம், வெய்ன் ஃபாரிஸும் லாரி லேதமும் மறுபக்கம். மணியடித்து ஆட்டம் முடிந்த பிறகும் சண்டை ஓயவில்லை. கோதாவை விட்டு இறங்கி, தின்பண்டம் விற்கும் கடைக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். கடுகுச் சாந்து ஜாடிகள் பறந்தன, தட்டுமுட்டுச் சாமான்கள் உருண்டன, நான்கு பேரின் உடம்பிலும் மஞ்சள் வழிந்தது. வர்ணனையாளர் லான்ஸ் ரசல், உலகமே கவிழ்ந்ததுபோல் கத்திக்கொண்டிருந்தார். அந்தப் படச்சுருளைப் பார்க்கும் எவருக்கும் ஒன்று புரியும்: அங்கே நின்றவர்களிடம் யாரும் ஒரு தகவலை விற்கவில்லை. அவர்கள் வாங்கிப் போனது கோபத்தையும் அது தீர்ந்த நிறைவையும்தான். அந்த இரண்டும் கலப்படம் இல்லாதவை.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1957-இல் வெளியிட்ட ‘மிதாலஜீஸ்’ தொகுப்பின் முதல் கட்டுரையே மல்யுத்தம் பற்றியதுதான். பாரிஸின் மங்கலான அரங்குகளில் பார்த்ததை வைத்து எழுதியது. பார்வையாளர்களுக்கு ஆட்டம் முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்டதா என்ற கவலையே இல்லை என்கிறார். துன்பம், தோல்வி, நீதி ஆகியவை கண்ணுக்கு முன் உருவெடுத்து நிற்பதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பழைய கிரேக்க நாடகத்துக்கு நெருங்கிய உறவு இது என்பது அவர் கட்சி. பாரிஸுக்கு இது பொருந்தியிருக்கலாம். ஆனால் அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் அரங்குகளில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த் பார்த்திருந்தால் இவ்வளவு அமைதியாக எழுதியிருக்க மாட்டார். 1976-இல் தென் கரோலைனாவின் கிரீன்வில்லில் ஒரு முதியவர் வில்லன் ஓல் ஆண்டர்சனைக் கத்தியால் கிழித்தார். அவருக்கு அது நாடகமல்ல.

காட்சி பார்ப்பவரை இப்படி ஆட்கொள்ளும் என்பதையும் அகுஸ்தீன் அறிந்திருந்தார். தன் வாக்குமூல நூலில் நண்பர் அலிப்பியஸின் கதையைச் சொல்கிறார். ரோமில் வாள்வீரர்களின் கொலை விளையாட்டுக்கு நண்பர்கள் அவரை வலுக்கட்டாயமாக இழுத்துப் போகிறார்கள். அலிப்பியஸ் கண்களை இறுக மூடிக்கொள்கிறார். காதை மூட முடியவில்லை. கூட்டம் ஒரே குரலில் அலற, கண் திறக்கிறார், ரத்தத்தைப் பார்க்கிறார், அதன் பிறகு கண்ணை எடுக்க அவரால் முடியவில்லை. வந்தபோது இருந்த மனிதராக அவர் திரும்பிப் போகவில்லை.

மல்யுத்த அரங்கிலும் ரத்தம் இருந்தது, அதுவும் நிஜ ரத்தம். விரலில் சுற்றிய டேப்புக்குள் பிளேடின் சிறு துணுக்கை ஒளித்து வைத்துக்கொண்டு, குப்புற விழுந்த நேரத்தில் தன் நெற்றியைத் தானே கீறிக்கொள்வார்கள். வியர்வையோடு கலந்து முகம் முழுக்க வழியும். வருடக்கணக்கில் இப்படிக் கீறிக்கொண்டவர்களின் நெற்றி உழுத நிலம்போல் வரி வரியாக இருப்பதை இன்றும் பழைய படங்களில் காணலாம். அடி பொய், காயம் மெய். இந்த இடத்தில் ‘எல்லாம் சும்மா ஆட்டம்தானே’ என்ற சமாதானம் எடுபடாது. பார்ப்பவரின் மனக்கிளர்ச்சிக்காக ஒரு மனிதர் தன் தோலை வெட்டிக்கொள்கிறார் என்றால், அந்தக் கிளர்ச்சிக்கும் பொறுப்பு உண்டு.

இருந்தும், இந்தத் தொழிலின் மிகப் பெரிய பொய்கள் கோதாவுக்கு வெளியேதான் சொல்லப்பட்டன. 1975 அக்டோபர் 4 அன்று வட கரோலைனாவின் வில்மிங்டன் நகருக்கு மல்யுத்த வீரர்களை ஏற்றிச் சென்ற சிறு விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்களில் ஜானி வாலண்டைனும் 26 வயது ரிக் ஃப்ளேரும் வில்லன்கள். முகமூடி அணிந்து ‘மிஸ்டர் ரெஸ்லிங்’ என்ற பெயரில் ஆடிய டிம் வுட்ஸ் நாயகன். ஃப்ளேரின் முதுகெலும்பு முறிந்தது. வாலண்டைன் அதன் பிறகு கோதா ஏறவே இல்லை. விமானி பிழைக்கவில்லை. அடிபட்டுக் கிடந்த வுட்ஸுக்கு அந்த நேரத்தில் வந்த கவலை வேறு: நாயகனும் வில்லன்களும் ஒரே விமானத்தில் வந்தது தெரிந்தால் ரகசியம் உடைந்துவிடும். எனவே முகமூடிக்கு அடியில் இருந்த சொந்தப் பெயரான ஜார்ஜ் வுடின் என்பதைச் சொன்னார். தான் ஓர் ஏற்பாட்டாளர் என்றும் சொன்னார். பிறகும் வதந்தி அடங்கவில்லை. அதை அடக்க, அடிபட்ட உடம்போடு இரண்டே வாரத்தில் மறுபடி மேடை ஏறினார்.

உண்மைப் பெயரைச் சொல்லியே பொய் சொன்ன மனிதர் அவர். அகுஸ்தீனின் பொய் பற்றிய நூலில் தகாஸ்தே ஊரின் பிஷப் ஃபிர்முஸ் வருகிறார். தன்னிடம் அடைக்கலம் புகுந்தவனைக் காட்டிக்கொடுக்கச் சொல்லி அரசனின் ஆட்கள் சித்திரவதை செய்தும், பொய்யும் சொல்ல மாட்டேன், காட்டியும் கொடுக்க மாட்டேன் என்று நின்றவர். இருவருக்கும் வலி தாங்கும் வல்லமை ஒன்றுதான். ஆனால் ஃபிர்முஸ் வலியைத் தாங்கியது ஓர் உயிருக்காக. வுட்ஸ் தாங்கியது டிக்கெட் விற்பனைக்காக. சக வீரர்கள் அதைத் தொழில் தர்மம் என்று இன்றும் போற்றுகிறார்கள். அவர் மன உறுதியைக் குறை சொல்ல முடியாது; அதைக் கேட்ட தொழிலைக் குறை சொல்லியே ஆக வேண்டும்.

1980-இல் நியூ ஆர்லியன்ஸ் வட்டாரத்தில் இன்னொன்று நடந்தது. ஜங்க்யார்ட் டாக் என்ற சில்வெஸ்டர் ரிட்டர், தெற்கு மாநிலங்களின் வட்டாரம் ஒன்றில் முதன்மை நாயகனாக உயர்ந்த கறுப்பின வீரர். ஃப்ரீபேர்ட்ஸ் என்ற வில்லன் குழு முடி நீக்கும் களிம்பை அவர் கண்ணில் பூசிக் குருடாக்கிவிட்டதாகக் கதை கட்டினார்கள். பிறந்த மகளின் முகத்தைக்கூட அவரால் பார்க்க முடியவில்லை என்று தொலைக்காட்சி சொன்னது. ரசிகர்கள் அவருக்கு உதவிப் பணம் தபாலில் அனுப்பினார்கள். ஆகஸ்டில் சூப்பர்டோமில் பழிதீர்க்கும் ஆட்டம் நடந்தபோது ஏறக்குறைய 30,000 பேர் கூடியதாக அறிவிக்கப்பட்டது. டிக்கெட் எடுத்து வந்தவரை ஏமாற்றினார்கள் என்று சொல்வது கடினம். கண் போன ஒருவருக்காக வீட்டில் உட்கார்ந்து உறையில் காசு போட்டு ஒட்டியவரை ஏமாற்றினார்கள் என்பதில் சந்தேகமில்லை.

எல்லோரும் இப்படிப் பொய்யை வெளியே எடுத்துப் போகவில்லை. மெம்ஃபிஸில் 1950களின் இறுதியில் ஸ்புட்னிக் மன்ரோ என்ற வெள்ளையின வில்லன் இருந்தார். கறுப்பின மக்களின் பீல் தெருவில் போய் அவர்களோடு குடித்தார், சிரித்தார், டிக்கெட் கொடுத்தார். அதற்காகப் போலீஸ் அவரைப் பிடித்தபோது கறுப்பின வழக்கறிஞரையே வைத்து வாதாடினார். எல்லிஸ் அரங்கில் கறுப்பினத்தவருக்கு உச்சி மாடத்தில் மட்டும்தான் இடம். மாடம் நிரம்பினால் மிச்சப் பேர் வாசலோடு திரும்ப வேண்டும். அரங்கை எல்லோருக்கும் திறக்காவிட்டால் ஆட மாட்டேன் என்று மன்ரோ அடம்பிடித்தார். அவரைத் திட்டுவதற்கும் அவருக்குக் கை தட்டுவதற்கும் வந்த கூட்டம் பெரிது; ஏற்பாட்டாளர்கள் பணிந்தார்கள். மெம்ஃபிஸ் நூலகங்களிலும் உணவகங்களிலும் நிறவேறுபாட்டை எதிர்த்த உள்ளிருப்புப் போராட்டங்கள் 1960-இல்தான் தொடங்கின. மல்யுத்த அரங்கில் அதற்கு முன்பே வெள்ளையரும் கறுப்பரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். 1959-இல் ரஸ்வுட் பார்க் மைதானத்தில் பில்லி விக்ஸுடன் மன்ரோ மோதியபோது நடுவராக நின்றவர் முன்னாள் குத்துச்சண்டைச் சாம்பியன் ராக்கி மார்சியானோ. அந்தச் சண்டையின் முடிவு முன்பே எழுதப்பட்டதுதான். நாற்காலிகளின் ஏற்பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை. அது ஒரு மனிதரின் பிடிவாதம். ரோஷியஸைப் பற்றி அகுஸ்தீன் சொன்னது இவருக்கு முழுமையாகப் பொருந்தும்: பொய்யான வில்லன், மெய்யான ஆள்.

இந்த வட்டாரங்கள் 1980களின் நடுவில் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. ரகசியம் உடைந்ததால் அல்ல. கேபிள் தொலைக்காட்சி வந்தது. வின்ஸ் மக்மேன் தன் வடகிழக்கு மல்யுத்த நிறுவனத்தை நாடு முழுக்க விரித்து, ஒவ்வொரு வட்டாரத்தின் நட்சத்திரத்தையும் கூடுதல் சம்பளத்துக்கு இழுத்துக்கொண்டார். ஜங்க்யார்ட் டாக்கும் போனார். மெம்ஃபிஸ் மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் அதிகம் தாக்குப்பிடித்தது. லாலரும் நகைச்சுவை நடிகர் ஆண்டி காஃப்மனும் 1982-இல் கோலிசியத்தில் மோதிய ஆட்டம் அதன் உச்சம். தெற்கத்திக்காரர்களுக்குச் சோப்பு என்றால் என்ன என்று தொலைக்காட்சியில் பாடம் நடத்திக் காஃப்மன் ஊரையே கொதிக்க வைத்தார். தடை செய்யப்பட்ட பைல்டிரைவர் பிடியால் லாலர் அவர் தலையைத் தரையில் இறக்கினார். கழுத்துப் பட்டையோடு திரிந்த காஃப்மன், இருவரும் சேர்ந்து போட்ட திட்டம்தான் அது என்பதை 1984-இல் சாகும்வரை வெளியே சொல்லவில்லை.

பிறகு 1989-இல், நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன் மக்மேனின் நிறுவனமே ஒப்புக்கொண்டது: இது போட்டி விளையாட்டு அல்ல, பொழுதுபோக்கு. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடுகளிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்கு வேண்டும் என்பதற்காகச் சொன்னது. நாற்பது ஆண்டுகளாக உயிரைக் கொடுத்துக் காத்த ரகசியத்தை, வரிச்சலுகைக்காக வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். செய்தித்தாள்களில் வந்தது. கூட்டம் கலையவில்லை. 1990களின் இறுதியில் அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சியில் மிக அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சிகளில் மல்யுத்தமும் ஒன்று. கோதாவுக்குள் நடந்ததை நேசிக்க யாருக்கும் அந்த ரகசியம் தேவைப்படவில்லை. டிம் வுட்ஸ் அந்த இரண்டு வாரத்தில் மேடை ஏறியிருக்கவே வேண்டியதில்லை.