பாட்டு சாட்சி சொல்லலாமா?

மார்கழி மாசம் ராஜபாளையத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்து சைக்கிளில் வீடு திரும்புகிற மில் தொழிலாளிக்கு ஆகாசம் பழகின விஷயம். சில வருஷங்களில் கிழக்கே விடிவெள்ளி பளிச்சென்று நிற்கும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்நேரம் திருப்பாவை ஒலித்துக்கொண்டிருக்கும். அதில் பதிமூன்றாம் பாசுரத்தில், சுக்கிரன் வந்தாச்சு, குரு மறைஞ்சாச்சு, இன்னும் என்னடி தூக்கம் என்கிற பாவனையில் தோழிகள் ஒரு பெண்ணை எழுப்புகிறார்கள்.

இதைப் பிடித்துக்கொண்டுதான் மு. இராகவையங்கார் ஆண்டாளின் காலத்தைக் கணக்கிட்டார். மார்கழி, பௌர்ணமி, உதிக்கிற வெள்ளி, மறைகிற வியாழன். இத்தனையும் சேர்ந்து வரும் நாளைத் தேடி, கி.பி. 731 என்றார்.

இதை ஒரு கோளரங்கத்தில் நடத்தினால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். சென்னை கோட்டூர்புரத்திலோ திருச்சியிலோ விளக்கை அணைத்துவிட்டு, நேரடியாக ஒரு பெண் அந்தப் பாசுரத்தைப் பாட வேண்டும். இன்றைய டிஜிட்டல் புரொஜெக்டருக்கு ஆயிரத்து முன்னூறு வருஷம் பின்னால் போக சில நொடி போதும். தலைக்கு மேல் 731-ம் வருஷத்து வானம். கிழக்கே வெள்ளி ஏற, மேற்கே வியாழன் இறங்க... எனக்கு இப்போதே புல்லரிக்கிறது.

என் நண்பர் ஒருவர், அறிவியல் வாத்தியார், இதைக் கேட்டு முகம் சுளித்தார். "பால்கோவாவுக்குள்ள மாத்திரையை வெச்சுக் குடுக்கிற வேலை சார் இது" என்றார். இந்தச் சண்டை பழசு. நட்சத்திரம் காட்டும் நவீனக் கருவி ஜெர்மனியில் மக்கள் முன் வந்தது 1923-ல். 1957-லேயே சான்பிரான்சிஸ்கோ கோளரங்கத்தில் சுற்றிலும் ஒலிபெருக்கி வைத்து இசை நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டார்கள். ஒலிநாடா சங்கீதம்தான், 1959-ல் நின்றுபோயிற்று. 1973-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இசையோடு லேசர் ஒளியையும் ஆடவிட்டபோது, வானியல் எங்கேய்யா போச்சு என்று கேட்கத் தோன்றியிருக்கும். இசையே விரோதி என்று சொல்லவும் முடியாது. 1781-ல் யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், இங்கிலாந்தின் பாத் நகரில் ஆர்கன் வாசித்துப் பிழைத்த மனுஷர். சங்கீத சாஸ்திரப் புத்தகத்தில் ஆரம்பித்துத்தான் கண்ணாடி, டெலஸ்கோப் என்று போனார்.

ஆகவே பால்கோவாவில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பால்கோவாவையே மாத்திரை என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல். இருட்டில் நல்ல குரலைக் கேட்டு உடம்பு சிலிர்க்கிறது. அந்தச் சிலிர்ப்பை மனசு 'நிரூபணம்' என்று கணக்கெழுதிக்கொள்கிறது. வெளியே வருகிறவர், "ஆண்டாள் காலம் 731தான், கண்ணால பாத்தேன்" என்பார்.

அவர் பார்த்தது என்ன? வெள்ளி சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் விலகாது. அது வந்துபோகிற வரிசை எட்டு வருஷத்துக்கு ஒருமுறை கிட்டத்தட்ட அப்படியே திரும்பும். வியாழன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம். ஒரே பஸ் ஸ்டாண்டுக்கு எட்டுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று என்று இரண்டு வண்டி வந்தால், ரெண்டும் ஒருநாள் மட்டும்தான் சந்திக்குமா? பௌர்ணமியைச் சேர்த்தால் வாய்ப்பு குறையும். அப்போதும் அந்த ஒரே வருஷத்தில்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலை இருக்கிறது. மலை அஞ்சு டிகிரி மறைத்தால்கூட, அடிவானத்தை வைத்துப் போட்ட கணக்குக்கு இருபது நிமிஷம் முன்னாடியே வியாழன் காணாமல் போய்விடும். பாசுரத்தில் சொன்னது எந்த மறைவு? இதனால் இராகவையங்காரின் உழைப்பு சிறுத்துவிடாது. பாட்டுக்குள் வானத்தைத் தேடிய தைரியம் லேசுப்பட்டதில்லை.

எனக்கு உறுத்துகிற கேள்வி இது. ஜனங்களைக் கண்கலங்க வைத்தபிறகு, மைக்கைப் பிடித்திருப்பவர் "இதே மாதிரி வானம் வேற வருஷங்கள்லயும் வந்திருக்கலாம்" என்று சொல்வாரா? சொன்னால் கூட்டத்தில் உச்சுக்கொட்டுவார்கள். பக்கத்து ஊர்க்காரர் கோபித்துக்கொள்வார். சொல்லாவிட்டால் கைதட்டல் நிச்சயம். அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. 731-ன் வானத்தை மட்டும் காட்டினார், அவ்வளவுதான். ஆனால் உருக வைத்தவனுக்கு, வெறுமனே பாடம் நடத்துகிறவனைவிடக் கடன் ஜாஸ்தி. கண்ணில் நீர் நிற்கிறபோது யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியுமே!

என்னைக் கேட்டால், அடுத்தடுத்த வருஷங்களின் வானத்தையும் ஓட்டிக்காட்டச் சொல்வேன். பாடின பெண்ணை அதுவரைக்கும் மேடையிலேயே உட்காரச் சொல்வேன். சந்தேகமெல்லாம் சொல்லி முடித்தபின் அவர் அதே பாசுரத்தை மறுபடி பாடவேண்டும். அந்தப் பெண்கள் தோழியை எழுப்பத்தானே பாடினார்கள்? ரெண்டாம் தடவை எத்தனை பேருக்குச் சிலிர்க்கிறது என்று இருட்டில் உட்கார்ந்து பார்க்க ஆசை.