பிள்ளையின் சம்மதம்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரைக் கிராமங்களில், அறுவடை முடிந்த காலத்து இரவுகளில் மத்தள ஒலி கேட்பதுண்டு. அதே கிராமங்களின் வீடுகளில் இன்று தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஒளிர்கின்றன. தமிழகத்துக் குழந்தைகள் அவற்றிற் பாடிப் பரிசு பெறுகின்றனர். கொரியத் தொடர்களிற் சிறுமியராகத் தோன்றியவர்கள் நம் கண் முன்னே வளர்ந்து நட்சத்திரங்களாகி விடுகின்றனர். நம் மாணாக்கர் வியக்கின்றனர். வியப்பு இயல்பானதே. ஆயினும், ஆசிரியரும் பெற்றோருமாகிய நாம் வியப்போடு நின்றுவிடலாகாது. ஒரு குழந்தை மேடையேறும்பொழுது அது விளையாடுகின்றதா, கற்கின்றதா, அன்றி உழைக்கின்றதா? உழைக்கின்றதாயின், அவ்வுழைப்புக்குச் சம்மதம் தந்தவர் யார்?

நாமெல்லாரும் அறிந்த ஒருவரின் வாழ்வைக் கொண்டு இதனை ஆராய்வோம். 1963ஆம் ஆண்டு பிறந்த ஸ்ரீதேவி, சிவகாசியை அடுத்த மீனம்பட்டியைச் சேர்ந்தவர். 1969இல் வெளிவந்த ‘துணைவன்’ படத்திற் பால முருகனாகத் தோன்றினார். 1971இல் ‘பூம்பாட்டா’ என்ற மலையாளப் படத்துக்காகக் கேரள அரசின் குழந்தை நட்சத்திர விருதைப் பெற்றார். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என நான்கு மொழிகளின் படப்பிடிப்புத் தளங்களே அவருக்குப் பள்ளிக்கூடங்களாயின. 1976இல் ‘மூன்று முடிச்சு’ வெளிவந்தபொழுது அவருக்கு வயது பதின்மூன்று. அப்படத்தில் அவர் ஏற்ற பாத்திரமோ, வளர்ந்த ஆடவன் ஒருவனுக்குச் சிற்றன்னையாகும் பெண். அடுத்த ஆண்டில் வந்த ‘16 வயதினிலே’ தமிழ்ச் சினிமாவின் போக்கையே மாற்றியது என்பர். அப்படத்தின் பெயரிலுள்ள வயதை அதன் கதாநாயகி அப்பொழுது எட்டியிருக்கவில்லை.

1982இல் ‘மூன்றாம் பிறை’ வெளிவந்தது. விபத்தொன்றில் நினைவிழந்து, வளர்ந்த உடலிற் குழந்தை மனத்தோடு வாழும் பெண்ணாக அவர் நடித்தார். குழந்தையாயிருந்தபொழுது பெரியவர்களின் உலகில் உழைத்தவர், பெரியவரான பின் குழந்தையாக நடித்து நம்மைக் கண்கலங்க வைத்தார். பின்னர் இந்தித் திரையுலகின் உச்சத்துக்குச் சென்றார். 2018இல் அவர் மறைந்த பின்னர், ‘மாம்’ படத்துக்காக இந்திய அரசின் சிறந்த நடிகை விருது அவருக்கு வழங்கப்பட்டது. இப்பெருங்கலைஞரின் திறமையைக் குறைத்து மதிப்பது நமது நோக்கமன்று. அவர் வாழ்வு வெற்றி பெற்ற வாழ்வு. வெற்றி பெற்றமையாலேயே அதன் தொடக்கத்தைப் பற்றி எவரும் கேள்வி எழுப்புவதில்லை என்பதையே இங்குச் சுட்டுகிறோம்.

சிவகாசி என்றதும் நம் நினைவுக்கு வருவது தீப்பெட்டியும் பட்டாசும் அல்லவா? அத்தொழில்களிற் குழந்தைகள் உழைத்தமை பற்றி 1996இல் இந்திய உச்ச நீதிமன்றமே தீர்ப்புரைத்தது. தீப்பெட்டி அடுக்கும் குழந்தையின் விரல்களைக் கண்டு மனம் பதைக்கின்றோம். அதே வட்டாரத்துக் குழந்தையொன்றின் முகத்தில் அரிதாரத்தைக் கண்டாற் கைதட்டுகின்றோம். இரண்டும் ஒன்றா என்று வாசகர் கேட்கலாம். ஒன்றல்லதான். ஒன்று உடலை உருக்குலைப்பது. மற்றது புகழைத் தருவது. கலையிற் குழந்தை மகிழ்ச்சி காண்பதும் மெய்யே. ஆனால், வேலை இனிமையானது என்பதால் அது வேலையல்லாதாகி விடுமா? ஒரு குழந்தை நட்சத்திரத்தின் பெயர் அறியப்பட்டிருக்க, அதே தளத்தில் நின்று களைத்து, பெயரின்றி மறைந்த குழந்தைகள் எத்தனை என்பதை எந்தப் படத்தின் பெயர்ப்பட்டியலும் சொல்வதில்லை.

சினிமா தொடங்கி வைத்த வழக்கமன்று இது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையிற் பாலர் நாடக சபையை அமைத்தார். ஆறு வயதுச் சிறுவனான தி. க. சண்முகம் அவ்வாண்டிலேயே அதிற் சேர்ந்தார். இலங்கை மலைநாட்டிற் பிறந்த எம். ஜி. ஆர்., தந்தையை இழந்த வறுமையில் தமையனோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பனியில் சேர்க்கப்பட்டார். அங்கே பாட்டும் வசனமும் கற்றனர் என்பது உண்மை. வீட்டில் அடுப்பெரியாமையே பல சிறுவரைக் கம்பனி வாசலிற் கொண்டு சேர்த்தது என்பதும் உண்மை. பசி தந்த சம்மதத்தைப் பிள்ளையின் சம்மதம் எனலாமா?

மேலைநாடும் இக்கேள்வியைத் தப்பவில்லை. சார்லி சாப்ளினோடு 1921இல் ‘தி கிட்’ படத்தில் நடித்த ஜாக்கி கூகன், தான் ஈட்டிய பெரும்பொருள் தாயாராலும் மாற்றுத் தந்தையாலும் செலவிடப்பட்டதை அறிந்து 1938இல் வழக்குத் தொடுத்தார். அவருக்குக் கிடைத்தது சிறுதொகையே. அவ்வழக்கின் விளைவாக 1939இல் கலிபோர்னியாவிற் சட்டம் பிறந்தது. கொரியாவில் 2014இல் நடைமுறைக்கு வந்த சட்டம், பதினைந்து வயதுக்குட்பட்ட கலைஞரின் வேலையை வாரத்துக்கு 35 மணித்தியாலமாக வரையறுத்து, இரவு 10 மணிக்குப் பிந்திய வேலைக்கும் தடை விதித்தது. 2017ஆம் ஆண்டின் இந்திய விதிகள் நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை கூடாதென்றும், வருமானத்தில் ஐந்திலொரு பங்கேனும் குழந்தையின் பெயரில் வங்கியில் இடப்படவேண்டுமென்றும் கூறுகின்றன. இலங்கையிலும் 2021இல் வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது.

இவை போராடிப் பெற்ற நன்மைகள், வரவேற்கத்தக்கவை. கடிகாரத்தையும் வங்கிக் கணக்கையும் சட்டம் காவல் காக்க முடியும். மேற்சொன்ன இந்திய விதிகள், குழந்தையின் விருப்பத்துக்கும் சம்மதத்துக்கும் மாறாக அதனை ஈடுபடுத்தலாகாது என்றுகூடச் சொல்கின்றன. அச்சம்மதத்தை அறிவது எங்ஙனம்? குடும்பத்தின் வீட்டு வாடகையும் தம்பியின் கல்விச் செலவும் தன் முகத்தில் தங்கியிருப்பதை எட்டு வயதுக் குழந்தை அறியாதிருக்குமா? அறிந்த குழந்தை ‘மாட்டேன்’ என்று சொல்லுமா? தன் சம்பாத்தியம் பெருகப் பெருக அது மறுக்கும் சுதந்திரத்தை இழக்கின்றது. ‘பிள்ளையே ஆசைப்பட்டது’ என்று பெரியவர் கூறும்பொழுது அவர் பொய்யுரைப்பதாக நாம் கருதவேண்டியதில்லை. தம்மை அண்டி வாழும் உயிர் தம் முகத்தைப் பார்த்தே ஆசைப்படக் கற்றுக்கொள்கின்றது என்பதை அவர் மறந்து விடுகின்றார்.

இச்சொற்றொடர் மட்டக்களப்பு மண்ணில் வாழும் நமக்குப் புதியதன்று. 2009இல் முடிவுற்ற யுத்தத்தின் காலத்தில் ஆயுத இயக்கங்கள் சிறுவரைத் தம் அணிகளிற் சேர்த்தபொழுது, ‘அவர்கள் விரும்பியே வந்தனர்’ என்ற விடையை நாம் கேட்டோம். துவக்கையும் அரிதாரத்தையும் ஒரே தட்டில் வைக்க நாம் முற்படவில்லை. ஆனால், பிள்ளையின் விருப்பம் என்ற சொல்லுக்குப் பின்னால் எதனையும் மறைத்துவிடலாம் என்பதை இம்மண்ணின் தாய்மார் நன்கறிவர். ஆகவே அச்சொல்லை எவர் எங்கு உச்சரித்தாலும் நின்று விசாரிக்கும் கடமை நமக்குண்டு.

அப்படியானால் குழந்தைக்குக் கலையே வேண்டாமா? 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சாசனம் தன் 31ஆம் உறுப்புரையில் ஓய்வையும் விளையாட்டையும் கலையிற் பங்குகொள்வதையும் குழந்தையின் உரிமையென்கின்றது. அடுத்த உறுப்புரையோ பொருளாதாரச் சுரண்டலிலிருந்து அதனைக் காக்கவேண்டும் என்கின்றது. இரண்டு உறுப்புரைகளுக்கும் நடுவே உள்ள கோட்டைத்தான் நாம் தேடுகின்றோம்.

நமது கூத்துக் களரி அதற்கு ஓரளவு வழிகாட்டும். அண்ணாவியார் சட்டங்கொடுப்பார், பல மாதம் பழக்கம் நடைபெறும், கிழமைக்கூத்து, சதங்கை அணி, அரங்கேற்றம் என ஊரே கூடி அதனை நிறைவேற்றும். பிள்ளையின் ஆட்டம் எவருக்கும் வருமானமன்று. அரங்கேற்றம் முடிந்தால் அது மீண்டும் பாடசாலைக்கும் வயலுக்கும் வாவிக்கும் உரிய பிள்ளையே. ஆயினும் பழமையை வாழ்த்திவிட்டு அமைதல் முற்போக்காளருக்கு அழகன்று. மரபுவழிக் களரியிற் பெண் வேடத்தையும் ஆணே கட்டினான். சாதியின் ஏற்றத்தாழ்வும் அங்கே நிலவியது. ஸ்ரீதேவி படுவான்கரையிற் பிறந்திருந்தால் அன்று களரிக்கு வெளியே அமர்ந்து பார்த்திருப்பார். பெண்குழந்தைக்குச் சினிமா கதவைத் திறந்தது. திறந்து அவளை விற்பனைக்கும் வைத்தது. களரியோ அவளை விற்கவில்லை, உள்ளே விடவுமில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் சீலாமுனையில் நடந்த கூத்து மீளுருவாக்க முயற்சிகள், பெண், சாதி பற்றிய கேள்விகளைக் கூத்துக்குள்ளேயே எழுப்பி, சிறுவர் கூத்துக்கும் இடமளித்தன. விற்பனையுமின்றி விலக்குமின்றிக் குழந்தை ஆடக்கூடும் என்ற நம்பிக்கையை இத்தகைய முயற்சிகளே தருகின்றன.

ஆகவே நாம் வைக்கக்கூடிய உரைகல் ஒன்றுதான். ‘நாளை நான் ஆடமாட்டேன்’ என்று அந்தக் குழந்தை சொன்னால் என்ன நேரும்? எவரும் பட்டினி கிடவாமலும், எவரும் முகஞ்சுளிக்காமலும், அது தன் தோழரோடு விளையாடச் செல்ல முடியுமாயின், அதன் ஆட்டம் கலை. முடியாதாயின் அது உழைப்பு. உழைப்பென்றால் உழைப்பாளிக்குரிய எல்லாப் பாதுகாப்பும் அதற்கு வேண்டும். அதற்கும் மேலாக, குழந்தையின் உழைப்பை நம்பி வாழவேண்டிய நிலையே இல்லாத குடும்பங்களை ஆக்கும் சமுதாயம் வேண்டும்.

இவ்வுரைகல்லை அயலார்மீது மட்டும் உரைத்துப் பார்ப்பது நேர்மையாகாது. தமிழ்மொழித் தினப் போட்டிக்காகப் பாடசாலை விட்ட பின்னும் பிள்ளைகளை மறித்து வைத்துப் பயிற்றும் நாம், அவர்களுள் ஒருத்தி ‘சேர், எனக்கு ஏலாது’ என்று சொன்னபொழுது என்ன செய்தோம்? பாடசாலையின் பெயர், வலயத்தின் முதலிடம் என்றெல்லாம் சொல்லி அவளை மீண்டும் மேடையேற்றினோமா? அல்லது புத்தகப் பையை எடுத்துக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோமா? படப்பிடிப்புத் தளங்களை மாற்றும் வலிமை இன்று நம்மிடம் இல்லாதிருக்கலாம். அந்த மாணவியின் மறுப்பைக் கேட்கும் காது நம்மிடம் உண்டு. அதிலிருந்து தொடங்குவோம்.